விளையாட்டுக்கும் வேலைக்கும் ஒரே லப்டொப்: எதைப் பார்த்து வாங்குவது?

எனது பழைய லப்டொப் நின்றுபோனது ஒரு நேர்காணலை எக்ஸ்போர்ட் செய்துகொண்டிருந்தபோது. கிளிநொச்சியில் ஒரு தாய், 2009 மே மாதம் தன் மகனைக் கையளித்த நாளைப் பற்றி இரண்டு மணித்தியாலம் பேசியிருந்தார். முடிவில், “இனி நான் இதை ஒருத்தருக்கும் சொல்லப் போறதில்லை பிள்ளை, எனக்கு ஏலாது” என்றார். அந்தப் பதிவு அந்த லப்டொப்பில் மட்டுமே இருந்தது. அடுத்த வேலைக்காக கமெராவின் மெமரி கார்ட்டை நான் ஏற்கெனவே அழித்திருந்தேன். அது என்னுடைய பிழை.

மதர்போட் எரிந்துவிட்டதாக யாழ்ப்பாணத்தில் திருத்துபவர் சொன்னார். ஆனால் எஸ்.எஸ்.டி. தனியாகக் கழற்றக்கூடிய எம்.2 வகை. ஒரு சிறிய ஆணியைக் கழற்றி, வெளிப்பெட்டி ஒன்றில் போட்டு, வேறு கணினியில் இணைத்தார். 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு திரை நின்றது. லப்டொப்பை வாங்கிய அன்று கடைக்காரர் அவசரமாகத் திறந்து தந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில்தான் அந்தச் சாவி இருந்தது. கடவுச்சொல் எனக்கு நினைவில்லை. மூன்று நாட்களுக்குப் பிறகே கணக்கை மீட்டு, பதிவை எடுக்க முடிந்தது.

ஆகவே, புதிய லப்டொப் தேடிய கதையை அந்த மூன்று நாட்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். செலவில் பாதி என் தம்பியுடையது. எனக்கு வீடியோ எடிட்டிங் வேண்டும், அவனுக்கு வலோரன்ட் வேண்டும். இரண்டுக்கும் தேவையானது தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள இயந்திரம் என்பதால், ‘கேமிங் லப்டொப்’ என்று விற்கப்படுபவற்றையே பார்த்தோம். எங்களிடம் இருந்தது மூன்று இலட்சத்து இருபதாயிரம் ரூபா. 2022இல் ரூபாவின் பெறுமதி விழுந்ததும், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானதும் சேர்ந்து, முன்பு நல்ல இயந்திரம் வாங்கிய காசுக்கு இப்போது ஆரம்ப மட்டத்துக்குச் சற்று மேலேதான் கிடைக்கிறது.

கடையில் முதலில் காட்டுவது கிராஃபிக்ஸ் சிப்பின் பெயரை. ஆர்.டி.எக்ஸ். 4060 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் தம்பியின் கண் அங்கேயே நிற்கும். ஆனால் என்விடியா இந்த சிப்பை 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எந்த மின்சக்தியிலும் ஓட்டிக்கொள்ள லப்டொப் தயாரிப்பாளர்களுக்கு இடம் கொடுக்கிறது. லெனோவோ எல்.ஓ.கியூ. வரிசையில் 115 வாட்டில் ஓடும் 4060 இருக்கிறது. எம்.எஸ்.ஐ. சைபோர்க் 15 போன்ற மெல்லிய உடல்களில் அதே 4060 45 வாட்டில் ஓடுகிறது. பெயர் ஒன்று, வேகம் வேறு. முழுச் சக்தியில் ஓடும் 4050, 45 வாட் 4060ஐ சில கேம்களில் முந்திவிடும். பெட்டியில் இந்த எண் பெரும்பாலும் இருக்காது. கடையில் லப்டொப்பை இயக்கி, என்விடியா கொன்ட்ரோல் பனலில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். ‘மக்சிமம் கிராஃபிக்ஸ் பவர்’ என்ற வரியில் உண்மை இருக்கும். இதைக் கேட்டபோது ஒரு கடையில் முகம் சுளித்தார்கள். கேட்டது நல்லதென்றே நினைக்கிறேன்.

அடுத்தது கிராஃபிக்ஸ் சிப்பின் சொந்த நினைவகம். 4050இல் 6 கிகாபைட். 4060, 4070 இரண்டிலும் 8 கிகாபைட். மேசைக் கணினிக்கான 4070இல் 12 கிகாபைட் இருப்பதைப் பார்த்துவிட்டு லப்டொப் 4070இலும் அதுவே இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. 50 வரிசையில் 5050, 5060, 5070 மூன்றுமே லப்டொப்பில் 8 கிகாபைட்தான். வலோரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற போட்டி கேம்களுக்கு 6 போதும். டாவின்சி ரிசோல்வில் 4கே காட்சிக்கு இரைச்சல் நீக்கம் போட்டால் 6 மூச்சு வாங்கும். 4 கிகாபைட் உள்ள பழைய 3050ஐ, எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வேலைக்கென்று எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

செயலி விடயத்தில் எடிட்டிங் செய்பவருக்கு ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. உங்கள் கமெரா எச்.265 வடிவில் 10 பிட், 4:2:2 என்று பதிவு செய்தால், அதைத் தடங்கலின்றித் திரையில் ஓட்டும் வன்பொருள் இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து அதன் உள்ளக கிராஃபிக்ஸில் இருக்கிறது. என்விடியாவில் அது 50 வரிசையிலிருந்துதான் வந்தது. கேம்களுக்கு ஏ.எம்.டி. ரைசன் மிக நல்ல தெரிவு, மின்சாரமும் குறைவாகக் குடிக்கும். ஆனால் நான் பார்த்த ரைசன் லப்டொப்களில் இந்த வசதி இல்லை. கைத்தொலைபேசியில் எடுக்கும் சாதாரண வீடியோவுக்கு இந்தக் கவலை தேவையில்லை. எந்த இயந்திரமானாலும், ரிசோல்வில் சிறிய புரொக்சி கோப்புகளை உருவாக்கி எடிட் செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ரிசோல்வின் இலவசப் பதிப்பு 3840×2160 வரை எக்ஸ்போர்ட் செய்யும். எங்களைப் போன்ற சுயாதீனர்களுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

நினைவகம் 16 கிகாபைட்டுக்குக் குறைய வேண்டாம். இரண்டு ரம் துளைகள் இருக்கிறதா என்று கேளுங்கள். 8 கிகாபைட் ஒன்றை மட்டும் செருகி விற்றால் கேமும் மெதுவாகும், எடிட்டிங்கும் மெதுவாகும். துளை இருந்தால் பிறகு இன்னொன்று வாங்கிப் போடலாம். மெல்லிய மொடல்கள் சிலவற்றில் ரம் மதர்போட்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும், அதைக் கூட்ட முடியாது. எஸ்.எஸ்.டி.க்கு எம்.2 இடங்கள் இரண்டு இருப்பது எனக்குக் கட்டாயம். ஒன்றில் விண்டோஸும் கேம்களும், மற்றதில் பதிவுகள் மட்டும்.

மக்புக் பற்றியும் கேட்கிறார்கள். எம் வரிசை சிப் உள்ளவை எடிட்டிங்கில் சிறப்பானவை, பற்றரியும் நீண்ட நேரம் நிற்கும். வலோரன்ட்டோ கவுன்டர்-ஸ்ட்ரைக் 2ஓ அதில் ஓடாது. தம்பி இல்லாதவர்கள் யோசிக்கலாம்.

திரைதான் கம்பனிகள் காசை மிச்சம் பிடிக்கும் இடம். விபரத்தாளில் 144 ஹேர்ட்ஸ் என்று பெரிதாகப் போட்டுவிட்டு, கீழே சிறிதாக ‘45 சதவீத என்.டி.எஸ்.சி.’ என்று இருந்தால் நிறங்கள் வெளிறியே தெரியும். அந்தத் திரையை நம்பி நிறம் திருத்தினால், மற்றவர்களின் தொலைபேசியில் பார்க்கும்போது முகங்கள் சிவந்துபோய் இருக்கும். ‘100 சதவீத எஸ்.ஆர்.ஜி.பி.’ என்று இருப்பதைத் தேடுங்கள். கேமுக்கு மட்டும் என்றால் இதைப் பொருட்படுத்தத் தேவையில்லை.

இனி எங்கள் வெயிலும் எங்கள் மின்சாரமும். விமர்சன வீடியோக்கள் குளிரூட்டிய அறைகளில் எடுக்கப்படுபவை. கிளிநொச்சியில் ஏப்ரல் மாதப் பிற்பகலில், தகரக் கூரைக்குக் கீழே, அதே இயந்திரம் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும். கட்டிலில், மெத்தையில் வைத்து ஓட்ட வேண்டாம். கீழ்ப்பக்கக் காற்றுத் துளைகள் அடைபடும். பின்பக்கத்தை இரண்டு போத்தல் மூடியால் உயர்த்தி வைத்தாலே வித்தியாசம் தெரியும். எங்கள் புழுதிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை விசிறியைத் துப்புரவாக்க வேண்டும். கீழ்மூடியைத் திறந்தால் உத்தரவாதம் போகுமா என்று வாங்கும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். என் பழைய மதர்போட் எரிந்ததற்கும் புழுதிதான் காரணமாயிருக்கலாம் என்றார் திருத்தியவர். நான் ஒருநாளும் அதைத் திறந்து பார்த்ததில்லை.

2022 மார்ச் இறுதியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்டோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு நுழைந்து நாடு முழுவதையும் இருட்டாக்கியதையும் கண்டோம். கேமிங் லப்டொப்பின் பற்றரியை நம்பி கேம் விளையாட முடியாது. செருகியை எடுத்தவுடன் கிராஃபிக்ஸ் சக்தி தானாகக் குறைந்துவிடும், ஒரு மணித்தியாலம் நின்றாலே பெரிது. எழுத்து வேலைக்கும் சாதாரண வெட்டலுக்கும் 60 வாட்-அவர் பற்றரி நான்கு மணித்தியாலம் அளவில் எனக்கு வருகிறது. கூடவே வரும் சார்ஜர் ஒரு செங்கல் அளவு. யூ.எஸ்.பி.-சி வழியாக 100 வாட் வரை ஏற்றும் வசதி இருந்தால், களத்துக்குச் செல்லும்போது செங்கல்லை வீட்டில் விட்டுவிட்டு சிறிய சார்ஜரோடு போகலாம். எனக்கு இது பெரிய விடயம். முல்லைத்தீவுக்கு பஸ்ஸில் போய் வருபவருக்கு இரண்டரைக் கிலோவே போதுமான பாரம். எப்போதும் மின்சாரத்தில் செருகியே பாவிப்பதென்றால், 80 சதவீதத்தில் ஏற்றத்தை நிறுத்தும் தெரிவை இயக்கி விடுங்கள், பற்றரி வீங்காமல் இருக்கும். யூ.பி.எஸ். லப்டொப்புக்குத் தேவையில்லை, ரவுட்டருக்குத்தான் தேவை.

வெளிநாட்டிலுள்ள உறவுகள் கொண்டுவந்து தருவதைப் பற்றி. கனடாவிலிருந்து வருவது பெரும்பாலும் பிரச்சினையில்லை. சார்ஜர்கள் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும், செருகி மட்டும் மாற்ற வேண்டும். பிரான்ஸிலிருந்து வந்தால் விசைப்பலகையில் ‘கியூ’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஏ’ இருக்கும். ஜெர்மனி, சுவிஸ் என்றால் ‘வை’யும் ‘இசெட்’டும் இடம் மாறியிருக்கும். விண்டோஸில் மாற்றிவிடலாம், ஆனால் விசையில் பதிந்த எழுத்து மாறாது. உத்தரவாதம் வாங்கிய நாட்டுக்கு மட்டுமா, உலகம் முழுவதுக்குமா என்பதை அங்கே பணம் கட்டுவதற்கு முன் மாமாவோ சித்தியோ கேட்க வேண்டும். வந்த பிறகு கேட்டால் அவர்களுக்கும் மனக்கஷ்டம், எங்களுக்கும் மனக்கஷ்டம்.

பாவித்தது வாங்குவதென்றால், இரண்டு இலவச மென்பொருள்களை பென் டிரைவில் கொண்டு போங்கள்: கிராஃபிக்ஸ் சிப் உண்மையானதா என்று சொல்லும் ஜி.பி.யு.-இசெட், எஸ்.எஸ்.டி.யின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ. விண்டோஸின் பற்றரி அறிக்கையில், வடிவமைத்த கொள்ளளவையும் இப்போது முழுதாக ஏற்றினால் நிற்கும் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். அரை மணித்தியாலம் ஒரு கேமை ஓடவிட்டுப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம். நகையை அடகு வைத்தோ நுண்கடன் எடுத்தோ வாங்கும் வீடுகளை நான் அறிவேன். அவர்களுக்கு அந்த அரை மணித்தியாலம் இன்னும் முக்கியம்.

விபரத்தாளில் இல்லாத ஒன்றும் உண்டு. தம்பி விளையாடத் தொடங்கினால் ஸ்பீக்கரில் துப்பாக்கிச் சத்தமும் குண்டுச் சத்தமும்தான். அம்மா சமையலறையில் இருந்தபடி, “உதைக் கொஞ்சம் குறையன் தம்பி” என்பார். ஒருநாள் சொல்லாமலே எழுந்து வெளியே போய் கிணற்றடியில் இருந்தார். அவன் 2009இல் கைக்குழந்தை, அவனுக்கு அந்தச் சத்தம் ஒரு விளையாட்டு மட்டும். அன்றைக்கே மூவாயிரம் ரூபாவுக்கு ஒரு ஹெட்செட் வாங்கினோம். எங்கள் வீடுகளில் லப்டொப்புக்கான செலவில் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

நான் விளையாடியது ஒன்றே ஒன்று: ‘திஸ் வார் ஒஃப் மைன்’. சரயேவோ முற்றுகையை அடியொற்றி போலந்தில் உருவாக்கி 2014இல் வெளியிட்டார்கள். அதில் நாங்கள் இராணுவத்தினர் அல்லர், இடிந்த வீட்டில் மருந்தும் சாப்பாடும் தேடும் பொதுமக்கள். போலந்தில் அதைப் பாடசாலை வாசிப்புப் பட்டியலிலும் சேர்த்தார்கள். இரண்டு இரவுகளுக்கு மேல் என்னால் தொடர முடியவில்லை. அது ஓட கேமிங் லப்டொப் தேவையே இல்லை, பழைய இயந்திரமே போதும்.

கடைசியில் எங்கள் முன் இரண்டு தெரிவுகள் நின்றன. மெல்லிய, அழகான, நல்ல திரையுள்ள 45 வாட் 4060. தடித்த, பாரமான, இரண்டு ரம் துளையும் இரண்டு எம்.2 இடமும் உள்ள முழுச் சக்தி 4050. தம்பிக்கு முதலாவது, எனக்கு இரண்டாவது. நான் முழு எச்.டி.யில்தான் எடிட் செய்கிறேன் என்பதால் 6 கிகாபைட் எனக்குப் போதும். கேமில் எது வேகம் என்று கடையிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்ததும் அவனும் சம்மதித்தான். திரையில்தான் தோற்றோம். நிறம் வெளிறியது. எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன் நண்பரின் மொனிட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

விண்டோஸ் 11 உள்ள பல லப்டொப்களில் மைக்ரோசொஃப்ட் கணக்குடன் நுழைந்தவுடன் சேமிப்பகம் தானாகக் குறியாக்கம் செய்யப்படுகிறது. அதை நிறுத்திவிடும்படி சிலர் ஆலோசனை சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை. லப்டொப் களவு போனாலோ வேறு யார் கையிலாவது சிக்கினாலோ அந்தத் தாய்மாரின் முகங்களும் குரல்களும் திறந்து கிடக்கக் கூடாது. இம்முறை கணக்கைக் கடைக்காரர் திறக்கவில்லை, நானே திறந்தேன். 48 இலக்கங்களையும் தாளில் எழுதி, அம்மா காணி உறுதியும் அடையாள அட்டைப் பிரதிகளும் வைத்திருக்கும் தகரப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். பதிவுகளின் ஒரு பிரதி இரண்டாவது எஸ்.எஸ்.டி.யில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்கில், மற்றது வேறு ஊரில் ஒரு தோழியின் வீட்டில். மூன்றும் சரிபார்க்கப்படும் வரை மெமரி கார்ட்டை அழிப்பதில்லை.