தீவகத்தின் உயர்தர வகுப்பு

சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்தபோது, 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமங்களில் மத்திய கல்லூரிகளும் எழுந்தன. எமது தீவகத்துக்குக் கிடைத்த வேலணை மத்திய கல்லூரி, இன்று அரசாங்க சபைச் சபாநாயகராக விளங்கிய சேர் வைத்திலிங்கம் துரைசுவாமியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. யாழ்ப்பாணத்து விடுதிகளில் தங்கிப் படிக்க வசதியற்ற பெண்பிள்ளைகளுக்கும் மேல்வகுப்பு எட்டியது.

1990-91 இடப்பெயர்வில் எமது வகுப்பறைகள் வெறுமையாயின. மீளக்குடியமர்ந்தபோது, வரவுப் பதிவேட்டை மறுபடி திறந்த அதிபர்களும் ஆசிரியர்களுமே பாடசாலைகளை வளர்த்தெடுத்தனர்.

நெடுந்தீவுக்கு இன்றும் குறிகட்டுவானிலிருந்து படகே வழி. விஞ்ஞான ஆசிரியர் நிலைத்திருந்தால்தான் தீவுப் பிள்ளை மருத்துவபீடத்தை நினைக்கலாம். வைத்தியர்களாகிய நாம் இதை நன்கறிவோம். இவ்வாண்டு விடைபெறும் உயர்தர மாணவியரையும் அவர்களை வழிநடத்திய அதிபர்களையும் வாழ்த்துவதோடு, அடுத்த வகுப்புக்கு வேண்டியதையும் கேட்டறிந்து கொடுப்போம்.