காற்றாலையின் எல்லை: கோட்டிங்கன் ஆய்வு

காற்றின் ஆற்றலைக் கணக்கிட்டறிந்த வரலாற்றில் செருமனியின் கோட்டிங்கன் நகருக்குத் தனியிடம் உண்டு. ஆங்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கிய லுட்விக் பிராண்டில் 1908-இல் காற்றுச் சுரங்கம் ஒன்றை இயக்கினார். அது காற்றாலைக்கென எழுந்ததன்று. வான்கப்பலின் வடிவை ஆராயவே அமைந்தது. அவர்பால் பயின்ற ஆல்பர்ட் பெட்சு 1920-இல் அரியதோர் உண்மையை நிறுவினார். வீசும் காற்றின் ஆற்றல் முழுவதையும் சக்கரம் கவர்ந்துகொள்ளின், பின்னே காற்று நின்றுவிடும். முன்னே வருவதோ விலகியோடும். ஆகலின் 27-இல் 16 பங்குக்கு மேல், அஃதாவது ஏறத்தாழ 59 விழுக்காட்டுக்கு மேல், திறந்த வெளியில் நிற்கும் ஆலை பெறவியலாது.

இதனைப் ‘பெட்சு எல்லை’ என்றே நூல்கள் பலவும் வழங்குகின்றன. எனினும் ஆங்கிலேயரான இலாஞ்செசுட்டர் 1915-இலேயே இதனைக் கண்டிருந்தார். உருசியரான சுக்கோவ்சுகியும் அதே 1920-இல் கண்டார். ஒருவர் பெயரே நிலைத்தமைக்கு, 1926-இல் பெட்சு காற்றாலைக்கெனத் தனிநூல் இயற்றியமையே காரணம் எனக் கருதுகின்றோம். மூவர் பெயரையும் சேர்த்து வழங்குவோர் இன்று உளர். அவ்வழக்கே முறையெனத் துணிகின்றோம்.