குற்றமும் மணமுறிவும்

கொக்குவிலிற் பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும் காணியைப் பற்றித் தேசவழமை பேசுகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக விளங்கிய கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த அவ்வழமைக்கு, 1806ஆம் ஆண்டு ஆங்கிலேயர் சட்டவலு அளித்தனர். மணமுறிவுக்கோ அவ்வூரவர் நாடவேண்டியது 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம். மணத்தின் பின் விபசாரம், கெடுநோக்குடன் கைவிடல், மணவேளையிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறை முதலிய இயலாமை என்னும் மூன்று காரணங்களையே அது வகுத்தது.

ஆகவே, மனமொவ்வாத இருவர் பகையின்றிப் பிரிய விரும்பினும், ஒருவர் மற்றவர்மீது குற்றஞ்சாட்ட வேண்டியதாயிற்று. வழக்கு நீளுமளவும் இடர் பெண்ணுக்கே. 1911ஆம் ஆண்டு யாழ்ப்பாண விவாக உரிமைச் சட்டப்படி, கணவனின் எழுத்துமூலச் சம்மதமின்றி அவள் தன் சீதனக் காணியையும் விற்கலாகாது. அவன் பிரிந்திருந்தால் மாவட்ட நீதிமன்றின் அனுமதியை வேண்டிநிற்க வேண்டும்.

அதே தீவில், 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டம் இருவரும் ஒருமித்துப் பிரிய இசைவதையே போதிய காரணமாக ஏற்றது. மாவட்டப் பதிவாளரே அப்பிரிவை வழங்கலாம். பொதுச்சட்டத்தின் கீழ் உள்ளவர்க்கு, 1977இல் திருத்தப்பெற்ற குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை ஏழாண்டுப் பிரிவை ஒரு வழியாகக் காட்டியது. ஆயினும், குற்றம் நிறுவப்படல் வேண்டும் என்றே 1986இல் உயர் நீதிமன்றம் தீர்த்தது. கண்டியர் பழிசுமத்தாது பெற்ற விடுதலையைக் கொக்குவிலார் பழிசுமத்தியே பெறவேண்டியிருந்தது.