டேப்பில் ஏறாத கிட்டார்

பாடாலூரில் திருச்சி ரோட்டோரம் எங்கள் ரேடியோ செட் கடை. அப்பா காலத்தில் கச்சேரி என்றால் பாடுகிறவருக்கு ஒரு மைக், தபேலாவுக்கு ஒன்று, வெளியே இரண்டு குழாய் ஸ்பீக்கர். அவ்வளவுதான். எண்பதுகளில் ஊட்டத்தூர், சிறுவாச்சூர் என்று சுற்றுவட்டத் திருவிழாக்களுக்கு வந்த மெல்லிசைக் குழுக்கள், கிட்டாருக்கும் பேஸுக்கும் சொந்த ஆம்ப்ளிஃபயரை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தன. இளையராஜா பாட்டின் பேஸ் நடையைக் கேசட்டில் கேட்டுப் பழகிய ஜனம், மேடையிலும் அதை எதிர்பார்த்தது.

சிக்கல் ஒலிப்பதிவில். பிலிப்ஸ் 1963இல் கொண்டுவந்த கேசட் அதற்குள் டீக்கடை வரை வந்திருந்தது. "அண்ணே, ஒரு கேசட் எடுத்துக் குடுத்துருங்க" என்பார்கள் விழாக் கமிட்டியார். எங்கள் ஆம்ப்ளிஃபயரின் லைன் அவுட்டிலிருந்து டெக்குக்கு ஒயர் போடுவோம். மறுநாள் போட்டுக் கேட்டால் குரல் கணீரென்று இருக்கும். கிட்டார் பக்கத்துத் தெருவில் வாசிப்பதுபோல் கேட்கும். அது எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குள் வந்தால்தானே! தன் பெட்டியில் அலறி, பாடகர் மைக்கில் கசிந்த அளவுதான் டேப்பில் ஏறும். மைதானத்தில் எது அதிகச் சத்தமோ, அது டேப்பில் குறைச்சல்.

அப்பா கிட்டார் பெட்டியின் முன் ஒரு மைக்கை நிறுத்தினார். ஸ்பீக்கரின் நடுவைப் பார்த்து வைத்தால் காதைக் கிழிக்கும். நாலு விரல்கடை ஓரமாகத் தள்ளினால் இழையும். பெரிய ஸ்டுடியோக்களிலும் இதே வித்தைதான். 1965இல் வந்த ஷூர் எஸ்எம்57 மைக் இந்த வேலைக்கே பேர்போனது.

பேஸுக்கு இது சரிப்படவில்லை. மேடைப் பலகையின் அதிர்வெல்லாம் மைக்கில் ஏறிவிடும். அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் ஸ்டுடியோ, அறுபதுகளிலேயே ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை மைக் வைக்காமல் நேராக மிக்சருக்குக் கொண்டுபோயிருந்தது. மேடையில் அதற்கு உதவுகிற டிஐ பாக்ஸ் எங்கள் கைக்கு வந்தது தொண்ணூறுகளில்தான். உள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர். பேஸ் கிட்டாரிலிருந்து வரும் சிக்னலை நூறடி ஒயரிலும் மழுங்காமல் அனுப்பும். எர்த் கோளாறால் 'ம்ம்' என்று இரைந்தால், பக்கவாட்டுச் சுவிட்சைத் தள்ளினாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

அதற்காக எல்லாவற்றையும் டிஐயில் சொருகுகிற இன்றைய பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. பேஸ், கீபோர்டு சரி. கிட்டாருக்கு அதன் ஸ்பீக்கரும் வாத்தியத்தில் பாதி. அதற்கு மைக்தான் வைக்க வேண்டும். கூட்டத்தைப் பார்த்தும் ஒன்று வையுங்கள். விசில் இல்லாத பதிவு திருவிழாப் பதிவே அல்ல.

பரணில் பழைய கச்சேரிக் கேசட் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முன்னும் பின்னும் ஒருமுறை முழுசாகச் சுற்றிவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள்.