நிலைசார் செயற்கூறு

நிலைசார் செயற்கூறு என்பது, முன்னர் வந்த செய்திகளிலிருந்து பெற்ற தகவலை நினைவில் வைத்திருந்து, அடுத்த செய்தியைக் கையாளும்போது பயன்படுத்தும் நிரல் கூறு ஆகும். நினைவில் வைக்கப்படும் அத்தகவல் 'நிலை' எனப்படும். முடிவின்றி வந்துகொண்டிருக்கும் தரவை வர வரக் கணிக்கும் தாரைச் செயலாக்கத்தில் இது அடிப்படைக் கருத்தாகும்.

நிலையின் தேவை

கப்பல்கள் தன்னியக்க அடையாள முறைமை மூலம் தம் இருப்பிடத்தை வானொலி வழியே அறிவிக்கின்றன. பெருங்கப்பல் ஒன்று ஓடும்போது 2 முதல் 10 நொடிக்கு ஒரு முறையும், நங்கூரமிட்டிருக்கும்போது 3 நிமிடத்திற்கு ஒரு முறையும் செய்தி அனுப்பும். ஒவ்வொரு செய்தியிலும் கப்பலின் 9 இலக்க அடையாள எண் இருக்கும்.

தூத்துக்குடியின் வ. உ. சிதம்பரனார் துறைமுகம் 1974 இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முற்காலத்தில் முத்துக்குளித்தலுக்குப் பெயர்பெற்ற இக்கரையை அடுத்து, மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்த வான் தீவு, கோசுவாரி தீவு, காரியாச்சல்லி தீவு ஆகியவை பவளப்பாறைகளோடு அமைந்துள்ளன. இத்தீவுகளை ஒட்டிய ஆழமற்ற கடற்பகுதிக்குள் ஒரு கப்பல் நுழைந்தால் எச்சரிக்கும் நிரலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

நிலை வைத்திராத செயற்கூறு, 10 நொடிக்கு ஒரு செய்தி வீதம் ஒரு மணி நேரத்தில் ஒரே கப்பலுக்கு 360 எச்சரிக்கைகளை எழுப்பும். உண்மையான ஆபத்து இக்கூட்டத்தில் மறைந்துபோகும். 'கப்பல் ஏற்கனவே உள்ளே இருக்கிறது' என்ற நிலையை வைத்திருக்கும் செயற்கூறு, நுழையும்போது ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் எழுப்பும்.

முகவரியும் பகிர்வும்

செயற்கூற்றின் வகைப்பெயரும் ஓர் அடையாளமும் சேர்ந்தது முகவரி ஆகும். இங்கு கப்பலின் எண்ணே அடையாளம். ஒரே முகவரிக்குரிய செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாகவே கையாளப்படுவதால், ஒரு கப்பலின் நிலையை இரு கணினிகள் ஒரே நேரத்தில் மாற்ற இயலாது. வெவ்வேறு கப்பல்களின் நிலைகள் வெவ்வேறு கணினிகளில் பகிர்ந்து வைக்கப்படும்.

பழுதிலிருந்து மீளல்

கணினி ஒன்று பழுதடைந்தால் அதிலிருந்த நிலையும் அழிந்துவிடும். இதனைத் தவிர்க்க, முழு முறைமையின் நிலையும், உள்ளீட்டில் படித்து முடித்த இடமும் அவ்வப்போது ஒருசேரப் பதியப்படும். மீளும்போது அந்நிலையிலிருந்து தொடங்கி, பிந்தைய செய்திகள் மீண்டும் படிக்கப்படும். ஆகவே ஒவ்வொரு செய்தியும் நிலையை ஒரு முறை மட்டுமே பாதிக்கும்.

இயக்கத்தை நிறுத்தாமலே இத்தகைய பதிவை எடுக்கும் வழிமுறையை மணி சாண்டி, லெசுலி லாம்போர்ட் ஆகியோர் 1985 இல் வெளியிட்டனர். மணி சாண்டி சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். அப்பாச்சி ஃபிளிங்க் இவ்வழிமுறையின் ஒரு மாற்று வடிவத்தைப் பயன்படுத்துகிறது.

தொடங்கும் முறை

ஃபிளிங்க் மீது இயங்கும் 'சிடேட்ஃபன்' என்னும் திறமூல மென்பொருள் 2019 இல் அறிமுகமானது, இதன் 3.3 பதிப்பு 2023 இல் வெளியானது. ஜாவா, பைத்தான், கோ, ஜாவாசிகிரிப்ட்டு ஆகிய மொழிகளில் செயற்கூறுகளை எழுதலாம். படிநிலைகள் பின்வருமாறு:

1. செயற்கூற்றின் வகைப்பெயரையும், அது வைத்திருக்கும் நிலை மதிப்புகளையும் அறிவித்தல்.
2. செய்தி வந்ததும் நிலையைப் படித்து, தேவையெனில் மாற்றும் நிரலை எழுதி, வலைச் சேவையாக இயக்குதல். நிலை இச்சேவையில் தங்குவதில்லை. செய்தியுடன் ஃபிளிங்கிலிருந்து வந்து, திருத்தப்பட்டுத் திரும்பும்.
3. சேவையின் முகவரி, உள்ளீட்டு வாயில், வெளியீட்டு வாயில் ஆகியவற்றை அமைப்புக் கோப்பில் குறித்தல்.
4. மாதிரிச் செய்திகளை அனுப்பிச் சோதித்தல். இடையில் ஒரு கணினியை வேண்டுமென்றே நிறுத்தி, நிலை சரியாக மீள்கிறதா என்று பார்த்தல் நன்று.

கப்பல் செய்தி அனுப்புவதை நிறுத்திவிட்டதையும் அறியலாம். செயற்கூறு தனக்குத் தானே 10 நிமிடம் கழித்து வரும் செய்தியை அனுப்பிக்கொண்டு, அது வந்ததும் கடைசி அறிவிப்பின் நேரத்தை ஒப்பிட்டால் போதும்.

வரம்புகள்

மீட்சி உறுதி நிலைக்கே பொருந்தும். செயற்கூறு நேரடியாக அனுப்பும் குறுஞ்செய்தி, மீளும்போது இரண்டாம் முறையும் செல்லக்கூடும். மேலும், திரும்பி வராத கப்பல்களின் நிலைகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால், அவற்றுக்குக் காலாவதி நேரம் குறிப்பது அவசியமாகும்.

இவற்றையும் பார்க்க

பரவல் கணிமை
தன்னியக்க அடையாள முறைமை
மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா