டிசி திரைப் பிரபஞ்சம்: மறுதொடக்கம் குறித்த ரசிகர் விவாதத்தின் வரலாறு

2013ஆம் ஆண்டு ஜூன் மாதம் வெளிவந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' முதல் 2023 டிசம்பரில் வெளிவந்த இரண்டாவது 'அக்வாமேன்' வரை, வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் டிசி காமிக்ஸ் பாத்திரங்களைக் கொண்டு ஒன்றோடொன்று தொடர்புடைய 15 படங்களைத் திரையரங்குகளில் வெளியிட்டது. இவற்றின் தொகுப்பே டிசி திரைப் பிரபஞ்சம் எனப்பட்டது. பத்தாண்டுக் காலம் நீடித்த இந்தத் தொடர் கதை முடிந்ததால் நிறுத்தப்படவில்லை. கதையின் நடுவிலேயே அழித்துவிட்டு, புதிய நடிகர்களைக் கொண்டு முதலிலிருந்து தொடங்குவது என்று நிறுவனம் முடிவு செய்தது. அந்த முடிவு சரியா என்பது பற்றி ரசிகர்கள் நடத்திய விவாதம், திரைப்பட வரலாற்றில் பார்வையாளர்கள் ஒரு நிறுவனத்தோடு நடத்திய மிக நீண்ட வழக்குகளில் ஒன்று எனலாம்.

மறுதொடக்கம் என்ற பழக்கம் திரைப்படத்தில் தோன்றியதன்று. அது காமிக்ஸ் இதழ்களிலிருந்து வந்தது. 1961இல் வெளிவந்த 'ஃபிளாஷ்' 123ஆம் இதழில், 1940களின் பழைய ஃபிளாஷும் புதிய ஃபிளாஷும் வெவ்வேறு உலகங்களில் வாழ்பவர்கள் என்று சொல்லப்பட்டது. பழைய கதைகளைப் பொய்யாக்காமல் புதியவற்றை எழுத இது வசதியாக இருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளில் உலகங்களின் எண்ணிக்கை பெருகி, புதிய வாசகர் நுழைய முடியாத அளவு குழப்பம் சேர்ந்துவிட்டது. மார்வ் வுல்ஃப்மன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த 'கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்' என்ற 12 இதழ்க் கதை, 1985–86இல் அத்தனை உலகங்களையும் ஒன்றாக்கியது. சூப்பர்கேர்ள் அதில் இறந்தாள். 2011 செப்டம்பரில் 52 இதழ்கள் முதல் எண்ணிலிருந்து மீண்டும் தொடங்கப்பட்டபோது, சூப்பர்மேனுக்கும் லோயிஸ் லேனுக்கும் நடந்த திருமணமே நடக்காததாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இத்தனை ஆண்டுகள் படித்தவை எல்லாம் என்னவாயின?

ரசிகர்களுக்கு இதில் சொல்வதற்கு இடம் உண்டு என்ற எண்ணத்தை வளர்த்ததும் பதிப்பாளர்களே. 1960களின் தொடக்கத்தில் ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் வாசகர் கடிதங்களை முழு முகவரியுடன் அச்சிட்டார். கடிதம் எழுதியவர்கள் ஒருவரையொருவர் தேடிக்கொண்டனர். அமைப்புரீதியான காமிக்ஸ் ரசிகர் கூட்டம் இப்படித்தான் உருவானது. 1988இல் பேட்மேனின் துணைவனான இரண்டாவது ராபின் பிழைக்க வேண்டுமா சாக வேண்டுமா என்று தொலைபேசி வழியாக வாக்கெடுப்பே நடத்தப்பட்டது. சாகட்டும் என்று 5,343 வாக்குகளும் பிழைக்கட்டும் என்று 5,271 வாக்குகளும் விழுந்தன. 72 வாக்கு வித்தியாசத்தில் ஒரு பாத்திரம் கொல்லப்பட்டது. இப்படிப் பழக்கப்பட்ட ஒரு கூட்டத்திடம் பின்னாளில் "இது எங்கள் வணிக முடிவு" என்று சொன்னால் அது எடுபடாமல் போனதில் வியப்பில்லை.

திரைப்படத்தில் சிக்கல் முதல் படத்திலேயே தொடங்கியது. சாக் ஸ்னைடர் இயக்கிய 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தின் இறுதியில் ஹென்றி கேவில் நடித்த சூப்பர்மேன், வில்லனான சாடின் கழுத்தை முறிக்கிறார். நகரின் பெரும்பகுதி இடிந்து விழுகிறது. சூப்பர்மேன் கொல்லமாட்டார் என்று நம்பியவர்கள் கொதித்தனர். தெய்வத்தன்மை கொண்ட ஒருவன் உண்மையான உலகில் இறங்கினால் இப்படித்தான் இருக்கும் என்று மற்றவர்கள் வாதிட்டனர். 2016 மார்ச்சில் வந்த 'பேட்மேன் வெர்சஸ் சூப்பர்மேன்' 87 கோடி டாலருக்கு மேல் வசூலித்தாலும், அமெரிக்காவில் இரண்டாவது வார இறுதியில் வசூல் 69 விழுக்காடு சரிந்தது. போட்டியாளரான மார்வெல் 2008இல் 'அயர்ன் மேன்' படத்தில் தொடங்கி நான்கே ஆண்டுகளில் 'அவெஞ்சர்ஸ்' வரை வந்திருந்த நிலையில், வார்னர் நிறுவனம் பொறுமை இழந்தது.

2017 மே மாதம், மகளை இழந்த துயரில் ஸ்னைடர் 'ஜஸ்டிஸ் லீக்' படத்திலிருந்து விலகினார். ஜாஸ் வீடன் பல காட்சிகளைப் புதிதாக எடுத்துப் படத்தை முடித்தார். அப்போது கேவில் வேறொரு படத்துக்காக மீசை வளர்த்திருந்தார். அதை மழிக்க அந்தப் படத்தின் நிறுவனம் அனுமதிக்காததால் கணினி வரைகலையில் மீசை அழிக்கப்பட்டது. திரையில் சூப்பர்மேனின் மேலுதடு விசித்திரமாகத் தெரிந்ததை இன்றும் பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். படம் ஏறக்குறைய 65 கோடி டாலர் ஈட்டியது. செலவைப் பார்க்கையில் அது தோல்வியே.

அதன் பின் எழுந்த 'ஸ்னைடர் கட்டை வெளியிடுங்கள்' இயக்கம் தனித்துச் சொல்லத்தக்கது. ரசிகர்கள் மனுக்கள் எழுதினர். 2019இல் சான் டியேகோ காமிக் கான் நடந்தபோது விமானத்தில் பதாகை கட்டிப் பறக்கவிட்டனர். நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகைக்குப் பணம் திரட்டினர். தற்கொலைத் தடுப்புக்கான அமெரிக்க அறக்கட்டளைக்கு லட்சக்கணக்கான டாலர் நன்கொடையும் சேர்த்துக் கொடுத்தனர். இதே இயக்கத்தின் பெயரால் விமர்சகர்களும் நிறுவன ஊழியர்களும் இணையத்தில் மிரட்டப்பட்டதும் உண்மை. நிறுவனம் செய்வித்த ஓர் ஆய்வு, இயக்கத்தில் பங்கேற்ற கணக்குகளில் குறைந்தது 13 விழுக்காடு போலியானவை எனக் கூறியதாக 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2022இல் வெளியிட்டது. அப்படியே கொண்டாலும் மீதமுள்ள பெரும்பான்மையினரைப் பொய்யர் என ஒதுக்க முடியாது. 2021 மார்ச் 18 அன்று, 242 நிமிடம் ஓடும் ஸ்னைடரின் பதிப்பு எச்பிஓ மேக்ஸ் தளத்தில் வெளியானது. அது பழைய படத்தைவிடத் தெளிவானது என்பதில் எதிரணியினரும் பெரிதாக வேறுபடவில்லை.

வென்றவர்கள் அடுத்த கோரிக்கையை வைத்தனர். ஸ்னைடரின் கதையை முழுவதுமாகத் தொடர வேண்டும் என்றனர். நிறுவனம் மறுத்தது.

2022 ஏப்ரலில் டிஸ்கவரியுடன் இணைந்து நிறுவனம் கைமாறியதும் நிலைமை வேகமாக மாறியது. படப்பிடிப்பு முடிந்திருந்த 'பேட்கேர்ள்' ஆகஸ்ட் மாதம் வெளியிடப்படாமலே கைவிடப்பட்டது. அக்டோபரில் 'பிளாக் ஆடம்' படத்தின் கடைசிக் காட்சியில் கேவில் தோன்றினார். 24ஆம் தேதி, தாம் சூப்பர்மேனாகத் திரும்பிவிட்டதாக அவரே அறிவித்தார். மறுநாளே, ஜேம்ஸ் கன்னும் பீட்டர் சஃப்ரானும் டிசி ஸ்டுடியோஸ் என்ற புதிய பிரிவின் தலைவர்களாகும் செய்தி வந்தது. டிசம்பர் 14இல், தாம் திரும்பப் போவதில்லை என்று கேவில் தெரிவித்தார். இந்த ஐம்பத்தொரு நாட்கள்தான் விவாதத்தை இவ்வளவு கசப்பாக்கின. மறுதொடக்கத்தை ஏற்றவர்கள்கூட, ஒரு நடிகரையும் அவருடைய ரசிகர்களையும் இப்படி நடத்தியிருக்க வேண்டியதில்லை என்றனர்.

மறுதொடக்கத்தை ஆதரித்தவர்களின் வாதம் எளிமையானது. அடித்தளம் கோணலாக இருக்கும்போது மேல்மாடி கட்டிப் பயனில்லை. இயக்குநர் மாறும்போதெல்லாம் தொனி மாறியது. 2005இல் கிறிஸ்டோபர் நோலன் 'பேட்மேன் பிகின்ஸ்' படத்தில் முந்தைய நான்கு படங்களையும் புறந்தள்ளித் தொடங்கியதால்தான் பேட்மேன் பிழைத்தார் என்று அவர்கள் காட்டினர். எதிர்த்தவர்கள், 82 கோடி டாலர் ஈட்டிய 'வொண்டர் வுமன்', 110 கோடியைத் தாண்டிய முதல் 'அக்வாமேன்' ஆகிய படங்களைச் சுட்டினர். பழுது கதையில் இல்லை, அலுவலகத்தில் இருந்தது என்பது அவர்களின் கருத்து. இரண்டாவது வாதத்தில் வலு அதிகம் என்றே தோன்றுகிறது. ஆனால் அலுவலகத் தவறுக்கும் விலை கொடுப்பது கதைதான்.

புதிய திட்டத்தை 2023 ஜனவரி 31 அன்று கன் அறிவித்தார். அதன் விளைவு ஒன்றைப் பலரும் எதிர்பார்க்கவில்லை. முடியப் போகும் உலகம் என்று தெரிந்த பின் அந்த ஆண்டு வெளிவந்த நான்கு படங்களும் எடுபடவில்லை. பெரும்பொருட்செலவில் எடுத்த 'தி ஃபிளாஷ்' ஏறக்குறைய 27 கோடி டாலரிலும், 'புளூ பீட்டில்' 13 கோடியிலும் நின்றன. தொடராத கதைக்கு எதற்குச் சீட்டு வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு நிறுவனத்திடம் பதில் இல்லை.

டேவிட் கோரன்ஸ்வெட் நடித்து கன் இயக்கிய 'சூப்பர்மேன்' 2025 ஜூலை 11 அன்று வெளியாகி 61 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 'மேன் ஆஃப் ஸ்டீல்' 66 கோடியைத் தாண்டியிருந்ததைப் பழைய அணியினர் உடனே எடுத்துக்காட்டினர். விமர்சகர்களின் வரவேற்பைப் புதிய அணியினர் பதிலாகத் தந்தனர். இதற்கிடையே இன்னொரு சிக்கலும் இருந்தது. ஜான் சீனாவின் 'பீஸ்மேக்கர்' தொடரும், வயோலா டேவிஸ் நடித்த அமாண்டா வாலரும் பழைய உலகிலிருந்து புதியதற்குத் தொடர்ந்தனர். எது நடந்தது, எது நடக்கவில்லை என்ற பட்டியல்கள் மீண்டும் எழுதப்பட்டன. 2022 பிப்ரவரியில் வந்த 'பீஸ்மேக்கர்' முதல் பருவத்தின் இறுதியில் பழைய ஜஸ்டிஸ் லீக்கினர் வந்து நின்றிருந்தனர். 2025 ஆகஸ்டில் இரண்டாம் பருவம் தொடங்கியபோது முன்கதைச் சுருக்கத்தில் அதே காட்சி காட்டப்பட்டது. அவர்கள் நின்ற இடத்தில் புதிய படத்தின் பாத்திரங்கள் நின்றிருந்தனர்.