கோடையில் காரில் எல்லை கடக்க முன்: யேர்மனியிலிருந்து வெளிக்கிடும் குடும்பங்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கினால் யேர்மனியில் எங்கள் வீடுகளில் ஒரே பேச்சுத்தான். பாரிசில் சித்தப்பா மகளின் கலியாணம், அப்படியே சுவிஸுக்குப் போய் பேர்ணில் மாமி வீட்டில் இரண்டு நாள், பிறகு பாசல் வழியாக வீடு. டோர்ட்முண்டிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 550 கிலோமீற்றர், பாரிசிலிருந்து பேர்ண் 570, அங்கிருந்து திரும்ப 640 வரை. யார் ஓட்டுவது, எத்தனை மணிக்கு வெளிக்கிடுவது என்பதிலேயே பேச்சு முடிந்துவிடும். அதற்கு முதல் கேட்க வேண்டியது வேறு: காரில் ஏறப்போகும் ஒவ்வொருவரிடமும் இருக்கும் ஆவணம் எது?

எங்கள் கார்களில் ஒரே வகை ஆவணத்தோடு எல்லோரும் இருப்பது அரிது. தகப்பனிடம் யேர்மன் கடவுச்சீட்டு. தாயிடம் இலங்கைக் கடவுச்சீட்டும் வதிவிட அனுமதி அட்டையும். மச்சானிடம் அகதிகளுக்கான நீலப் பயண ஆவணம். பின் இருக்கையில், ஊரிலிருந்து மூன்று மாத விசாவில் வந்த அம்மம்மா. எல்லை ஒன்றுதான், ஆனால் நால்வருக்கும் நான்கு சட்டம்.

இது எங்களுக்குப் புதிதல்ல. எண்பதுகளில் எம்மவர் பலர் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, பிரிட்றிக்ஸ்ராசே நிலையம் வழியாக மேற்கு பேர்லினுக்கு வந்தார்கள். 1986 ஒக்டோபரில் கிழக்கு யேர்மனி விசா இல்லாதோருக்கு அந்த வழியை அடைத்தது. வந்து சேர்ந்தவர்களுக்கும், வழக்கு முடியும்வரை அடுத்த மாவட்டத்தில் இருக்கும் தமையனைப் பார்க்கவே அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. அதை அனுபவித்தவர்கள் இன்று பேரப்பிள்ளைகளோடு நிற்காமலே நான்கு நாடு கடக்கிறார்கள். லக்சம்பேர்க்கின் செங்கன் கிராமத்தில் 1985 யூன் 14 அன்று ஐந்து நாடுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கை 1995 மார்ச் 26 முதல் நடைமுறைக்கு வந்ததன் பலன் அது. சுவிஸ் 2008 டிசம்பரில் இணைந்தது.

ஆனால் செங்கன் என்றால் ஆவணம் தேவையில்லை என்று நினைப்பதுதான் பெரிய பிழை. யேர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, பின்னர் அதை நீடித்தது. போகும்போது யாரும் மறிக்காவிட்டாலும் திரும்பும்போது மறிக்கலாம். எங்கள் நிறத்தில் ஏழு பேர் இருக்கும் வாகனத்தைக் கூடுதலாக மறிக்கிறார்கள் என்பது பலரது மனக்குறை. அதற்காகவே எல்லோருடைய மூல ஆவணங்களும் ஒரே பையில், எட்டும் இடத்தில் இருக்கட்டும். கைத்தொலைபேசியில் உள்ள படம் போதாது.

யேர்மனியின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதியும் கடவுச்சீட்டும் இருந்தால் மற்றைய செங்கன் நாடுகளில் எந்த 180 நாட்களுக்குள்ளும் 90 நாட்கள் தங்கலாம். நீலப் பயண ஆவணம் உள்ளவர்களுக்கும் இதே கணக்குத்தான். இரண்டினதும் முடிவுத் திகதியைப் பாருங்கள். கடவுச்சீட்டு புதிதாக இருக்க, அனுமதி அட்டை முடிந்திருக்கும். அட்டைக்குப் பதிலாக வெளிநாட்டவர் அலுவலகம் தந்த தற்காலிகத் தாள் மட்டும் இருந்தால், அதில் எந்தப் பெட்டி குறிக்கப்பட்டுள்ளது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. சிலவகைத் தாளுடன் வெளியே போனால் திரும்பி வரும் உரிமை இல்லை. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டுப் போங்கள்.

அகதி வழக்கு முடியாதவர்களும் 'டுல்டுங்' வைத்திருப்பவர்களும் இந்தப் பயணத்தில் சேரக்கூடாது. டுல்டுங் என்பது வதிவிட அனுமதி அல்ல. நாடு கடத்தலைத் தள்ளிவைத்திருக்கும் தாள். அதோடு யேர்மனியை விட்டு வெளியேறினால், சட்டப்படி அது அந்தக் கணமே இல்லாமல் போகும். "ஒரு நாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்" என்று தம்பியைக் கலியாணத்துக்கு ஏற்றிச் செல்பவர், அவனுடைய பல வருடக் காத்திருப்பைப் பணயம் வைக்கிறார். அவனுக்காக யேர்மனிக்குள்ளேயே, ஹம் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கோ கேவலார் மாதாவுக்கோ இன்னொரு பயணம் வைக்கலாம்.

பிள்ளைகளுக்கு வழங்கப்பட்ட தனிக் கடவுச்சீட்டு 2024 யனவரி முதல் புதிதாக வழங்கப்படுவதில்லை. கையில் இருப்பது முடியும்வரை செல்லும். இல்லாவிட்டால் அடையாள அட்டையோ வழமையான கடவுச்சீட்டோ எடுக்க வேண்டும், அதற்குச் சில வாரம் பிடிக்கும். அண்ணரின் பிள்ளைகளையும் கூட்டிப் போவதானால் பெற்றோர் இருவரும் ஒப்பமிட்ட கடிதமும் அவர்களது அடையாள அட்டைப் பிரதியும் எடுங்கள்.

இலண்டன் வேறு கதை. பிரித்தானியா செங்கனில் இல்லை. யேர்மன் குடியுரிமை உள்ளவர்களுக்கும் 2021 ஒக்டோபர் முதல் பொதுவாகக் கடவுச்சீட்டு வேண்டும், அடையாள அட்டை செல்லாது; 2025 ஏப்ரல் முதல் இணையவழி முன் அனுமதியும் வேண்டும். நீலப் பயண ஆவணத்துக்கு விசா கட்டாயம். அகதிகளுக்கு விசா தேவையில்லை என்ற 1959ஆம் ஆண்டு ஐரோப்பிய உடன்படிக்கையை பிரித்தானியா 2003இல் இடைநிறுத்திவிட்டது; அதை நம்பிக் கலே வரை ஓடாதீர்கள். ஒருதடவை நுழைவு விசாவில் வந்த அம்மம்மாவுக்குச் சுவிஸ் பிரச்சினையில்லை. இலண்டன் போனால், பிரித்தானிய விசா இருந்தாலும், அந்தச் செங்கன் விசாவில் திரும்பி வர முடியாது.

வீதிக்கு வருவோம். பெல்ஜியத்திலும் லக்சம்பேர்க்கிலும் கார்களுக்குப் பொதுவான நெடுஞ்சாலைக் கட்டணம் இல்லை. பிரான்சில் பல நெடுஞ்சாலைகளில் தூரத்துக்கேற்பக் கட்ட வேண்டும். சுவிஸ் நெடுஞ்சாலைக்கு வருட ஸ்ரிக்கர் ஒன்றுதான், 40 பிராங். முன்னைய டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து அடுத்த யனவரி முடிவு வரை, 14 மாதம் செல்லும். 2023 ஓகஸ்ட் முதல் இணையத்தில் வாகன இலக்கத்துக்கும் வாங்கலாம். இல்லாமல் பிடிபட்டால் 200 பிராங் தண்டம், ஸ்ரிக்கர் காசு வேறு. அன்ற்வேப்பன், பிரசல்ஸ் நகரங்களுக்குள் போக யேர்மன் இலக்கத் தகடுள்ள வாகனத்தை முன்கூட்டிப் பதிய வேண்டும். யேர்மனியின் பச்சை ஸ்ரிக்கர் அங்கே செல்லாது. பாரிசின் சூழல் விதிகள் அடிக்கடி விவாதத்துக்குள்ளாவதால் வெளிக்கிடும் வாரத்தில் பாருங்கள். எங்கள் அனுபவத்தில் காரை வெளிப்புறத்தில் விட்டுவிட்டு மெத்ரோவில் லாச்சப்பல் போவதே நிம்மதி.

வேகக் கமரா எச்சரிக்கைச் செயலியை பிரான்சிலும் சுவிஸிலும் பாவிக்கக் கூடாது. சுவிஸ் தண்டக் கடிதத்தைக் குப்பையில் போட்ட காலமும் போய்விட்டது: 2024 மே முதல் 80 பிராங்கிலிருந்து அதை யேர்மனியிலேயே அறவிடலாம்.

இனிச் சாப்பாடு. மாமிக்கென்று ஆட்டிறைச்சிக் கறி கட்டிக்கொண்டு போகாத வீடு உண்டா? சுவிஸுக்குள் ஆளுக்கு ஒரு கிலோ இறைச்சிதான், அதற்கு மேல் கிலோவுக்கு 17 பிராங் வரி. பிள்ளைகளும் கணக்கில் சேருவார்கள் என்பது ஒரு ஆறுதல். பிரித்தானியாவுக்குள் 2025 ஏப்ரல் முதல் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் தனிப்பட்ட பாவனைக்கும் தடை. மட்டன் றோல்ஸ் கலேயோடு முடிய வேண்டும். சுவிஸிலிருந்து திரும்பும்போது அன்பளிப்பு, புது நகை எல்லாம் சேர்த்து ஆளுக்கு 300 யூரோ, 15 வயதுக்குட்பட்டோருக்கு 175 யூரோ வரைதான் வரியில்லை. யேர்மனியிலிருந்து அணிந்து சென்ற தாலிக்கொடிக்கு வரி இல்லை. ஆனால் பழைய பற்றுச்சீட்டோ, வீட்டில் எடுத்த படமோ இருந்தால் வாக்குவாதம் குறையும்.

கலியாண வீடு முடிந்து நள்ளிரவில் நேரே வெளிக்கிடும் பழக்கத்தை விடுங்கள். பகல் முழுக்க நின்று பரிமாறிய ஒருவர், எல்லோரும் நித்திரையாய் இருக்கும் காரை 500 கிலோமீற்றர் ஓட்டக்கூடாது. இரண்டு சாரதிகள் இருக்கட்டும், இருவர் பெயரும் காப்புறுதியில் இருக்கட்டும். மாமி மறித்தால் நின்று, காலைத் தேநீர் குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள்.